ஒரு பக்கத்தின் எடை

குறைமாதக் குழந்தைகள் பிரிவின் நர்ஸ் எஸ்தர் ராணி, தொலைவில் இருக்கும் பெற்றோருக்காக மருத்துவமனை இணையதளத்தில் தினமும் இருபது குழந்தைகளின் படங்களை ஒரே பக்கத்தில் ஏற்றுவார். தளத்தைப் பராமரிக்கும் குமரவேள் ஒருநாள் வரம்பு வைத்தான்: எந்தப் பக்கத்தின் எடையும் முந்நூறு கேபியை (கிலோபைட்) தாண்டக் கூடாது, மூன்று நொடியில் திறக்க வேண்டும். எஸ்தரின் படங்களைத் தளம் ஏற்க மறுத்தது.

"ஒன்றரைக் கிலோ புள்ளைங்க உனக்குப் பாரமாப் போச்சாப்பா?" என்று போனில் சண்டை பிடித்தார்.

"மலைமேல டவர் சரியா இல்லக்கா. படம் பெருசா இருந்தா அவங்களுக்குத் தெறக்கவே தெறக்காது."

எஸ்தர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் தேயிலைத் தோட்டத்திலிருந்து மாரப்பன் என்ற தகப்பன் பஸ் பிடித்து ஓடிவந்தார். "நாலு நாளா படம் தெறக்காம போன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு சிஸ்டர். எம் பொண்ணுக்கு ஏதோ ஆயிருச்சுன்னு நெனச்சுட்டேன்." எஸ்தர் அவரைக் கைகழுவ வைத்து உள்ளே கூட்டிப்போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் மகள் கொட்டாவி விட்டாள். மாரப்பன் சிரித்தபடியே அழுதார்.

மதியம் எஸ்தர் குமரவேளை அழைத்தார்.

"இனிமே ஒரு பக்கத்துக்கு ஒரு புள்ளதான்ப்பா. முந்நூறு எதுக்கு, நூறா வச்சுடு."

"படம் கொஞ்சம் மங்கலாயிடும்க்கா."

"மொகம் தெரியுமில்ல? அது போதும்."