சிங்கப் பாதத்துக்கு மேலே

"பாக்கறதுக்கு அங்க என்னா இருக்கு?" என்பார் தைரியநாதன், பக்கத்திலிருக்கும் வடலூருக்குக் கூப்பிட்டால்கூட. நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால், வீட்டில் மரியசெல்வி சோற்றைத் தட்டில் போட்டுவிட வேண்டும். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. இப்போதுதான் அவள் முதன்முதலாக ஊரைவிட்டுக் கிளம்பி, இலங்கையில் சிகிரியாப் பாறை ஏறுகிறாள்.

பாறையில் செதுக்கிய சிங்கப் பாதங்களைத் தாண்டியதும் சங்கு ஊதியது. நெய்வேலிச் சங்கு. கடைசியில் வரும் அந்தக் கரகரப்புகூட அப்படியே இருந்தது.

வழிகாட்டி நின்று காது கொடுத்தான். "இஞ்ச ஃபெக்டரி ஒண்டும் இல்லையே அம்மா. என்ன சத்தம் இது?"

"எங்க வூட்டுக்காரரு, தம்பி. பசிக்குதாம்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பழக்க தோஷத்தில் அவள் கால்கள் கீழ்ப்படிக்குத் திரும்பிவிட்டிருந்தன. கம்பியை இறுகப் பிடித்து அவற்றை நிறுத்தினாள்.

"வரமாட்டேன்!" என்று கத்தினாள். "சோறு சட்டியில கெடக்குது, போட்டுத் துன்னுங்க. நான் உச்சியப் பாத்துட்டுதான் எறங்குவேன்."

சங்கு பாதியிலேயே நின்றது.

உச்சியில் காற்று புடவையை அள்ளியது. கண்ணுக்கெட்டிய வரை காடு. அப்போது நெய்வேலியிலிருந்து மகள் ஏஞ்சலின் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, சோறு ஆக்கி வச்சிட்டு வூட்டப் பூட்டிகினு கடைக்குப் போய் வந்தேன். சட்டியில சோறு இல்ல."

"தட்டு?"

"கழுவிக் கவுத்து வச்சிருக்கும்மா. இன்னும் தண்ணி சொட்டுது."

உயிரோடு இருந்தவரை தின்ற தட்டை நகர்த்திக்கூட வைக்காத மனுஷன்.

"அப்பாகிட்ட சொல்லிடு," என்றாள் மரியசெல்வி. "நாளைக்குக் கண்டி, அப்புறம் அருவி. நான் வர நாளாவும்."