உள்சுவரில் கோடுகள்

எஸ்தர் கணினிப் போர் விளையாட்டு ஒன்றுக்கு டாங்கிகளின் மேற்பரப்பை வரைபவள். டாங்கியின் எண்ணைக் கொடுத்தால், அதன் இரும்பு எந்த நாளில் எப்படி இருந்தது என்பதைக் கணினி அச்சு அசலாகக் காட்டிவிடும். அன்று அவளுக்கு வந்தது அப்பா ஓட்டிய டாங்கி. போரில் அதன்மேல் குண்டு விழுந்தபோதே அவர் இறந்துவிட்டதாகத்தான் வீட்டுக்குத் தகவல் வந்திருந்தது.

குண்டு விழுந்ததற்கு அடுத்த நாளைத் திரையில் திறந்தாள். உள்சுவரில் ஆணியால் கீறிய கோடு ஒன்று இருந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு. ஒன்பதாம் நாள் ஒன்பது. அதன்பிறகு புதிய கோடு எதுவும் விழவில்லை.

அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அப்பா எப்பிடிம்மா போனாவ?"

"ஏன் மக்ளே, ஒனக்குத் தெரியாதா? ஒரு நொடியில போயிட்டாவ. அந்த ஒரு ஆறுதல்லதான் நான் கெடக்கேன்."

எஸ்தர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமாம்மா, ஒரு நொடியிலதான்," என்றாள்.