இரண்டாவது செய்வினை

"கங்காணி சட்டையக் கொடியிலேருந்து உருவிட்டு வந்தியா?" என்று கேட்டார் சிவசாமி பூசாரி.

அழகம்மா மடியில் சுருட்டி வைத்திருந்த வேர்வைச் சட்டையை அவர் முன்னால் போட்டுவிட்டு, தேயிலை மலையிலிருந்து இறங்கிவரும் பாதையையே பார்த்தாள். யாராவது வந்து தொலைக்கப் போகிறார்களே என்று முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், மாடசாமி கோயிலுக்குப் பின்னால் இருந்தார்கள். அமாவாசை, உச்சிப் பொழுது. தோட்டத்து ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி சின்னத்தம்பியைச் சாகடிக்க, போன அமாவாசையிலேயே அவள் ஒரு செய்வினை வைத்தாயிற்று. மனிதருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறார்.

சிவசாமியின் மந்திரம் பலித்ததைவிடப் பலிக்காததுதான் அதிகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் மட்டும் தயாராக வைத்திருப்பார்.

"போன தடவ பேர வாய்விட்டுச் சொன்னியா?"

"ஒதட்ட மட்டுந்தாங்க அசைச்சேன்."

"அப்பறம் எப்பிடிப் புடிக்கும்? ஏவுறவங்க வாயால பேரு வரணும். நான் சொன்னா செல்லாது."

காரணம் கிடைத்த நிம்மதியில் பூசாரி சட்டையைக் கிழித்து மாவுப் பொம்மைக்குச் சுற்றினார்.

"அவன் ஆத்தா பேரு, நட்சத்திரம் ஏதாச்சும் தெரியுமா?"

"ஆத்தா பேரு பூரணிங்க. அவருக்குக் கேட்டை."

"அண்ணனக் கொன்னவனுக்கு என்னா 'அவரு'?" பூசாரி சிரித்தார். "விடியக்கால பேரு பதியிற பெரட்டுக்களத்துல அவன் முன்னால கைகட்டி நின்ன பழக்கம் போகல ஒனக்கு."

அவள் அண்ணன் மாயாண்டி தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்திருந்தான். அது பொறுக்காமல், அவன் தன்னை அடிக்க வந்ததாகத் தோட்டத் துரையிடம் பொய் சொன்னார் கங்காணி. ஒரே நாளில் வேலையும் போயிற்று, குடியிருந்த லயத்துக் காம்பராவும் போயிற்று.

வேறு தோட்டம் தேடிக் கொட்டும் மழையில் பட்டிப்பொல வரைக்கும் நடந்தவன், அங்கேயே சளிக்காய்ச்சலில் செத்துப்போனான். முப்பது வயதாகியும் கல்யாணம் வேண்டாமென்று நின்ற தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துப் பார்த்தே அலுத்த மனுஷன். அழகம்மாவுக்கு அவன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூடக் கொடுத்து வைக்கவில்லை.

பூசாரி கற்பூரத்தைக் கொளுத்தினார். "இது அணையறதுக்குள்ள மூணு தடவ பேரச் சொல்லு. இத விட்டா இனி நடக்காது."

அழகம்மா பொம்மையைப் பார்த்துக் கையெடுத்தாள். "சி..." என்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லு!"

"முடியலிங்க."

"அண்ணன நெனச்சுக்க."

நினைத்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆள் இன்றைக்கே சாக வேண்டும், தன் கண்ணெதிரிலேயே சாக வேண்டும், அதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனாலும் வாய் திறந்து திறந்து மூடியது.

கொழுந்து நிறுக்கப் போகும் பெண்களின் பேச்சுக் குரல் பாதையில் கேட்டது. கற்பூரம் சுருங்கிக்கொண்டே வந்தது. பூசாரிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"இம்புட்டுப் பயந்தவ எதுக்கு இங்க வந்த? அவன் என்னா புலியா, கடிச்சுத் திங்க?"

அழகம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பயமில்லிங்க சாமி. ஊருக்குத் தெரியாமன்னாலும் எனக்குத் தாலி கட்டுனவரு பேர எப்பிடிங்க வாயால சொல்றது?"