இசைவாணியின் எதிர்ப்பு

"ஆம்புலன்ஸ் வண்டி இந்த நகருக்குள்ள வந்துச்சுன்னா நான் ரோட்டுல குறுக்க படுத்துக்குவேன். மேல ஏத்திக்கினு போங்க," என்றாள் இசைவாணி.

படப்பைக்குப் பக்கத்தில் இருக்கும் கோகுலம் நகரின் பூங்காவில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பூங்கா என்றால் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். இரண்டு சிமென்ட் பெஞ்சு, உடைந்த சறுக்கு மரம், மிச்சமெல்லாம் முள். கம்பெனி வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்து மனை வாங்கிய ஜனங்கள் அங்கங்கே நின்றிருந்தார்கள். பூர்வீகத்தை யாரும் யாரிடமும் விசாரிக்காத நகர் அது. ஷிப்ட் என்ன என்பதோடு அறிமுகம் முடிந்துவிடும்.

நூற்றியெட்டு ஆம்புலன்ஸ் ஒன்றை அந்தப் பகுதியில் நிரந்தரமாக நிறுத்திவைக்கப் போகிறார்கள். ஊராட்சிதான் இடம் தர வேண்டும். பூங்காவை ஒட்டிய காலி மனையைத் தருவதா, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் கம்பெனி கேட் அருகில் இருக்கும் இடத்தைத் தருவதா என்று கேட்டுப் போக ஊராட்சித் தலைவர் தசரதனே நேரில் வந்திருந்தார்.

முதலில் பேசியவர் நகர்ச் சங்கச் செயலாளர் கோதண்டம். சைரன் சத்தத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் பகலில் கண்ணை மூட முடியாது என்றார். மனை விலை இறங்கிவிடும் என்றார். பெண் பார்க்க வருகிறவர்கள் தெருமுனையில் ஆம்புலன்ஸைப் பார்த்தால், இங்கே எல்லோருக்கும் ஏதோ சீக்கு என்று நினைத்து பஜ்ஜிகூடச் சாப்பிடாமல் திரும்பிவிடுவார்கள் என்றார். அவருக்குக் கல்யாண வயதில் பெண் இருந்தாள். அந்த இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

தசரதன் பொறுமையாகத் தலையாட்டினார். "அப்போ அந்தப் பக்கமே வெச்சுக்கலாம். எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார்.

அமலா என்ற பெண் மட்டும் எழுந்து மறுத்தாள். ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கும், அந்தப் பக்கம் வண்டியை வைத்தால் அது சாலையைத் தாண்டவே முடியாது என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. உடனே அவள் பக்கத்து வீட்டு இசைவாணியை முழங்கையால் இடித்தாள். இசைவாணி சொன்னால் எடுபடும்.

ஏனென்றால் போன மாதம் இசைவாணியின் கணவன் பிரவீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது, ஒரகடத்திலிருந்து கிளம்பிய ஆம்புலன்ஸ் அந்த பஸ்களுக்குப் பின்னால்தான் மாட்டிக்கொண்டது. கடைசியில் இவர்கள் இரண்டு பேரும்தான் அவனை ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பிழைத்ததே பெரிய விஷயம். திரும்பவும் வலி வரலாம், வந்தால் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்படிப்பட்ட இசைவாணி எழுந்துதான் ரோட்டில் படுத்துக்கொள்வேன் என்றாள். அமலா அவள் முந்தானையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

இசைவாணி அதோடு விடவில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் பின்னாலேயே டீக்கடை வரும், டீக்கடை வந்தால் வெட்டிக் கூட்டம் வரும் என்று அடுக்கினாள். தலைவரின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சறுக்கு மரத்திடம்தான் சொன்னாள். இப்படி ஒரு துணை கிடைக்கும் என்று எதிர்பார்க்காத கோதண்டம் கை தட்டினார்.

தசரதன் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஒருத்தங்க படுத்துக்குவேன்னு மிரட்டுனா ஊராட்சி பயந்துடுமா? ஆம்புலன்ஸ் இங்கதான் நிக்கும். இந்தக் காலி மனையிலதான் நிக்கும்."

அதையும் அவர் கோதண்டத்தைப் பார்த்துத்தான் சொன்னார். பாவம், கோதண்டம் ஏதோ சமாதானம் பேச வாயெடுப்பதற்குள் தலைவர் காரில் ஏறிவிட்டார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

அமலா இசைவாணியை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்கு இன்னா பைத்தியமா? உன் வூட்டுக்காரர தூக்கிக்கினு ஓடுனதெல்லாம் மறந்துபோச்சா? நல்லவேளை, அந்த மனுஷன் வீம்புக்காவது இங்கதான்னு சொல்லிட்டாரு."

"அந்த வீம்புக்குத்தான் நான் கத்துனதே," என்று சிரித்தாள் இசைவாணி. "கோதண்டம் சார் பஸ் ஸ்டாப் வேணும்னு கேட்டுக்கினே கீறாரு, வந்துச்சா? தெரு விளக்கு வேணாம், பூச்சி வரும்னு நான் சண்டை போட்டேன். உடனே வந்துச்சு. ஸ்கூலாண்ட வேகத்தடை வேணாம்னேன். அதுவும் வந்துச்சு. நான் எதை வேணாம்னு சொல்றனோ, அதை அந்தாளு செஞ்சே தீருவாரு."

அமலா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த கூட்டத்தில் குடிதண்ணீர் வேண்டாம் என்று சொல்லச் சொல்லி அவள் தோளில் தட்டினாள்.

நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த காருக்குள் டிரைவர் டில்லிபாபு பொருமிக்கொண்டிருந்தான். வேலைக்குப் புதிது. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அந்தப் பெண்மணி தலைவரை எதிர்த்துப் பேசுவதும், பெரிய மனிதர் பேசாமல் கேட்டுக்கொள்வதும் அவனுக்குப் பொறுக்கவில்லை. தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தானே போய் அந்தம்மாவைத் தட்டிக் கேட்பதாகச் சொன்னான்.

தசரதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவ என் தங்கச்சிடா, அவ கல்யாணத்துக்கு நான் போகலன்னு அன்னிலேர்ந்து பேச்சு இல்ல, செத்தாலும் என்கிட்ட வேணும்னு கேக்க மாட்டா. மாப்பிள்ளைக்கு நெஞ்சுவலின்னு கேள்விப்பட்டுத்தான் இந்தக் கூட்டத்தையே போட்டேன், எப்படியும் அவ வந்து வேணாம்னு கத்துவான்னு தெரியும்."