ஒருவர் படித்தார்

'இந்த வலைப்பூவை நிரந்தரமாக அழித்துவிடவா?' என்று திரை கேட்டது.

சந்திரிகாவின் விரல் 'ஆம்' என்ற சொல்லின் மேல் நின்றது.

புதன்கிழமை. காலை பதினொரு மணி. கணவர் குணாளன் விடியும் முன்பே பாலம் தாண்டி ஜுருவுக்கு வேலைக்குப் போய்விட்டார். இனி இருட்டிய பிறகுதான் இந்த வீட்டில் இன்னொரு குரல் கேட்கும்.

தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு வந்து இரண்டு வருடம். 'வெளிநாட்டில் வாழ்பவர்கள் எழுத ஐம்பது யோசனைகள்' என்று இணையத்தில் யாரோ பட்டியல் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் எழுத ஆரம்பித்தாள்.

உங்கள் ஜன்னலில் தெரிவது. சந்தையில் பேரம் பேசித் தோற்றது. இங்கே கிடைக்காத பொருள். புதன்தோறும் ஒன்று.

ஏழாவதை மட்டும் விட்டுவிட்டாள். 'அண்டை வீட்டாரை அறிமுகப்படுத்துங்கள்.'

யாரை என்று எழுதுவது? லிப்ட்டில் பார்த்தால், "பசியாறியாச்சா?" என்று கேட்பார்கள். தலையாட்டுவாள். அதற்குள் கதவு திறந்துவிடும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் அவளுடைய கம்பிக் கதவில் ஒரு பை தொங்கியது. யாரோ வீடு மாறி மாட்டிவிட்டார்கள் என்று, பிரித்துக்கூடப் பார்க்காமல் கீழே காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். இங்கே தனக்கு யார் என்ன தரப்போகிறார்கள்?

ஒவ்வொரு பதிவின் அடியிலும் எத்தனை பேர் படித்தார்கள் என்று ஓர் எண் இருக்கும். அவளுடையதில் எப்போதும் ஒன்று.

நீங்கள் சிரிக்கலாம். அவளுக்கு அந்த ஒன்று போதுமாயிருந்தது.

அது சென்னையிலிருக்கும் மகள் ரூபினி என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். ஃபோனில் கூப்பிட்டால் அவசரமாக வைத்துவிடுவாள். போகட்டும், படிக்கிறாளே. ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டு, "எதைம்மா?" என்று சொல்லிவிட்டால்?

நான்கு வாரமாக அந்த இடத்தில் பூஜ்யம்.

மகளுக்கு அலுத்துவிட்டது. அவ்வளவுதான்.

அழுத்தப் போனாள். வாசலில் மணி அடித்தது.

எதிர் வீட்டு பிரமிளா. எட்டு நாளுக்கு முன்னால் அவளுடைய அப்பா இறந்துபோனார். சந்திரிகாவும் போய்க் கூட்டத்தின் ஓரமாக நின்று, கைகூப்பிவிட்டு வந்திருந்தாள்.

"அக்கா, சாயங்காலம் அப்பாவுக்கு எட்டாம் நாள் படையல். கண்டிப்பா வந்துரணும் லா."

"வர்றேம்மா."

பிரமிளா போகவில்லை.

"அவருக்குப் புடிச்சதெல்லாம் வாங்கியாச்சு. ஸ்டவுட் பீரு ரெண்டு போத்தல், ஆட்டு ஈரல். டாக்டர் வேணாம்னு சொன்ன சுருட்டுகூட வச்சிட்டோம், இனிமே யார் ஏசப் போறா? உங்களோடதுதான் பாக்கி."

"என்னோடதா?"

பிரமிளா கையிலிருந்த பழைய ஃபோனை நீட்டினாள். ஒரு மூலையில் விரிசல். உள்ளே சந்திரிகாவின் வலைப்பூ. எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, வரிக்கு மூன்று சொல்தான் தெரிந்தது.

"புதன்கிழமையானா, 'தங்கச்சி எழுதியிருக்கும்'னு கோப்பிய வச்சிக்கிட்டு உக்காந்துருவாரு. ஒருத்தரும் கூப்பிடக் கூடாது. ஆஸ்பத்திரில படுத்த பிறகுதான் பாக்கல. இன்னிக்கு வர்றத இலை பக்கத்துல தொறந்து வைக்கலாம்னு நெனச்சேன். இன்னும் வரலியேக்கா?"

சந்திரிகா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

எழுத ஆரம்பித்த முதல் வாரம். லிப்ட்டில் எதிர் வீட்டுப் பெரியவரிடம் ஏதோ ஒரு பூவின் பெயரைக் கேட்டாள், எழுதுவதற்கு என்றாள். அவர் ஃபோனை நீட்டினார். முகவரியை அடித்துக் கொடுத்தாள். மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்து, அன்றே மறந்தும் போனாள்.

திரும்பி நடந்த பிரமிளா பாதியில் நின்றாள்.

"ஆமா, அந்தச் சுண்டைக்காயில கொழம்பு வச்சீங்களா இல்லையா? இங்க கெடைக்கவே மாட்டேங்குதுன்னு எழுதியிருந்தீங்களே. ஃபெரி ஏறி மாக் மண்டின் போயி, அவரு வேலை செஞ்ச ஃபேக்டரி வேலியோரம் பறிச்சிட்டு வந்து உங்க கதவுல மாட்டினாரு. கைல கொடுக்கச் சொன்னா, வெக்கம்! 'கொழம்பு எப்படி வந்துச்சுன்னு எழுதும் பாரு'ன்னு வாரா வாரம் சொல்லிக்கிட்டே இருந்தாரு."



"வச்சேன்," என்றாள். "நல்லா வந்துச்சு. இப்ப எழுதிடுறேன்."

உள்ளே திரை இன்னும் அதையே கேட்டுக்கொண்டிருந்தது. 'இல்லை' என்று அழுத்தினாள்.

ஏழாவது யோசனை. தலைப்பில் அவர் பெயரைப் போட வேண்டும். பெயர் தெரியவில்லை.

வெளியே போய், லிப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த மரண அறிவிப்பைப் படித்துவிட்டு வந்தாள். திருநாவுக்கரசு.

வைக்காத குழம்புக்குப் புளி ஊறவைத்தாள். பார்க்காத சுண்டைக்காயைத் தட்டி, விதையை அலசி, நல்லெண்ணெயில் வதக்கினாள். கசப்பு எவ்வளவு இருந்தது, மறுநாள் காலை அது எப்படி ஊறியிருந்தது, எல்லாம் எழுதினாள். கடைசியாக, "பசியாறிட்டேன், அண்ணே" என்று ஒரு வரி.

சாயங்காலம் எதிர் வீட்டில் பூசை மணி அடித்தது. புடவை மாற்றிக்கொண்டு கிளம்பியவள் திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

ஒன்று.