பித்தளையில் ஒரு கை

தொரை பார்வையிட வருமுன் தேயிலைத் தோட்டத்து லொறியின் ரேடியேட்டர் பித்தளையைப் புளி போட்டுத் துலக்கிவிட வேண்டும். அது டிரைவர் மூக்கனின் தினசரி வேலை. ஐம்பத்திரண்டாம் வருஷம் அப்படித் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் நிறைமாதக்காரி பேச்சியம்மாவின் புருஷன் ஓடி வந்தான்.

“அண்ணே, அவளுக்கு வலி கண்டிருச்சு. ஆஸ்பத்திரிக்கு லொறிய எடுங்கண்ணே!”

“தொரை வர்ற நேரம்டா. இதத் துலக்கிட்டு வாறேன், போ.”

பித்தளை பளபளத்து முடிந்தபோது, கூலிக்காரர் லயத்தில் தாயும் போயிருந்தாள், பிள்ளையும் போயிருந்தது.

மறுநாள் பித்தளையில் ஒரு பிஞ்சுக் கை பதிந்திருந்தது. மூக்கன் தன் முகத்தைப் பார்க்காமலே அதைத் துலக்கி அழித்தார். விடிந்தால் மறுபடி இருந்தது. வருஷத்துக்கு வருஷம் அந்தக் கை வளர்ந்தது.

அதிலிருந்து பன்னிரண்டாம் வருஷம் ஒரு காலையில் கையைக் காணோம். பித்தளை ஏற்கெனவே துலக்கியிருந்தது. புளியின் ஈரம்கூடக் காயவில்லை. முந்தின ராத்திரி ஃபெக்டரியைப் பார்த்து அவர் நிறுத்திய லொறி, ஆஸ்பத்திரி ரோட்டைப் பார்த்து நின்றது.