மூன்றாவது கப்பல்

"ரெண்டு கப்பல்" என்றார் டாக்ஸிக்காரர்.

"ஒண்ணுதான். இன்னொண்ணு தண்ணியில தெரியுற நிழல்" என்றார் நர்ஸ், வெடுக்கென்று.

"ஆமாமா, நிழல். நிழல்தான்."

செக்கரம்மாவுக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில் ஏறி டிக்கெட் சோதிக்கிறவர் அவர். டிக்கெட் வாங்காதவன்தான் முதலில் ஒரு ஸ்டாப் பெயரைச் சொல்வான், முறைத்தால் இன்னொரு ஸ்டாப்புக்குத் தாவுவான். இங்கேயும் அதே வாடை.

அது ஒரு டி.வி. தொடரின் ரசிகர்கள் கூட்டம். அந்தத் தொடரில் விமானத்தை யாரும் கண்டுபிடிக்கவே இல்லை. உலகமே ஆகாயக் கப்பலில் போய் வருகிறது. தொடரை ஒட்டி நாவல்களும் வரும். நாவல் வந்ததும், பூட்டுக்குச் சாவி செய்து தரும் சாவிக்காரரின் கடை மாடியில் கூடி, அட்டைப்படத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுவார்கள். கதையெல்லாம் அப்புறம்தான்.

செக்கரம்மாவுக்கு இது முதல் கூட்டம். பழைய அட்டைகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். புதுசு மட்டும் கடையில் தீர்ந்துபோய்விட்டது. அதைப் பார்த்தே தீர்வது என்று, வேலை முடிந்த கையோடு யூனிஃபார்மிலேயே வந்துவிட்டார்.

"கடைசிப் படி உடைஞ்சிருக்கும்மா, பாத்து வாங்க" என்று வரவேற்று, நாற்காலி இழுத்துப் போட்ட சாவிக்காரர், இப்போது நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார். புத்தகத்தை ஒரு தரம் தடவிவிட்டு டாக்ஸிக்காரரிடம் தள்ளியதோடு சரி. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. சுவரைப் பார்த்தபடி கேள்வி மட்டும் வந்தது.

என்ன ஒரு தெனாவட்டு என்று நினைத்தார் செக்கரம்மா.

"வானம் என்ன கலரு?"

"சாம்பல்" என்றார் டாக்ஸிக்காரர், புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி.

"விடியக்காலைச் சாம்பல்" என்று நர்ஸ் எட்டிப் பார்த்துச் சேர்த்தார். "அடியில லேசா ஆரஞ்சு."

"கேப்டன்?"

"முதுகைக் காட்டிட்டு நிக்கிறார்."

"போன தடவையும் முதுகுதான? அந்த ஓவியருக்கு மூஞ்சி வரைய வராதா, இல்ல கேப்டன் கடன் வாங்கியிருக்காரா?" என்றார் சாவிக்காரர்.

சிரித்தார்கள். செக்கரம்மா சிரிக்கவில்லை.

"நல்லவேளை" என்றார் சாவிக்காரர். "அட்டையைப் பத்திப் பேச ஒண்ணுமில்லைன்னு ஆகிற அன்னிக்கு இந்தக் கூட்டத்தை இழுத்து மூடிடுவேன்னு சொல்லியிருக்கேன்ல? சும்மா டீ குடிக்க நீங்க மாடி ஏற வேண்டாம். இந்தத் தடவையும் பொழைச்சோம்."

நர்ஸும் டாக்ஸிக்காரரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

திருட்டு முழி. செக்கரம்மாவுக்கு அது போதும்.

"குடுங்க தம்பி, நானும் பாக்குறேன்."

"இருங்கக்கா, இன்னும் முடியலை."

"அதெல்லாம் முடிஞ்சது."

"அக்கா, ஒரு நிமிஷம்..." நர்ஸின் குரல் கெஞ்சியது.

"சிஸ்டர், நான் பெத்த பையனையே டிக்கெட் இல்லாமப் பிடிச்சு அபராதம் போட்டவ. எனக்கு மூஞ்சி பாத்துப் பேச வராது."

புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் போனார். ரப்பர் செருப்பு, சத்தமே வரவில்லை. பஸ்ஸில் ஓசித்திருடர்களைப் பிடிக்கவே வாங்கியது.

அட்டையைத் திருப்பினார்.

வெறும் சாம்பல் நிற அட்டை. நடுவில் கறுப்பு எழுத்தில் நாவலின் பெயர். அவ்வளவுதான். செலவு மிச்சம் என்று பதிப்பகம் படத்தையே தூக்கிவிட்டிருந்தது.

கப்பல் இல்லை, கேப்டன் இல்லை, ஆரஞ்சும் இல்லை.

கேட்டுவிடுவதென்று வாயைத் திறந்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் சாவிக்காரர். "கப்பல் ஒண்ணா, ரெண்டா?"

அவர் கேட்டது, செக்கரம்மா எழுந்து வந்துவிட்ட காலி நாற்காலியிடம்.

அப்போதுதான் அவர் கண்களைச் சரியாகப் பார்த்தார் செக்கரம்மா. திறந்துதான் இருந்தன. பார்வைதான் இல்லை.

டாக்ஸிக்காரர் தலைக்கு மேல் கையைக் கூப்பிக் கும்பிட்டார்.

"மூணு" என்றார் செக்கரம்மா.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மூணாவது மேகத்துக்குப் பின்னாடி இருக்கு. மூக்கு மட்டும்தான் வெளிய நீட்டிட்டு இருக்கு. இவங்க ரெண்டு பேரும் அரைகுறையாப் பாத்துட்டு உளர்றாங்க."

சாவிக்காரரின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பி மலர்ந்தது.

"அப்படிப் போடுங்க. மூணாவது யாரோடது?"

எதிரியுடையது என்றார் டாக்ஸிக்காரர். காப்பாற்ற வருகிறது என்றார் நர்ஸ். அந்த மூக்கை வைத்துக்கொண்டு டீ ஆறி அவலாகும் வரை சண்டை போட்டார்கள். செக்கரம்மாவின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது.

மற்ற இரண்டு பேரும் படி இறங்கிய பிறகு, புத்தகத்தைச் சாவிக்காரரின் கையில் வைத்தார் செக்கரம்மா. அவர் அட்டை மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டினார்.

"அரம் பிடிச்ச கைம்மா இது. படம் அச்சடிச்ச அட்டைன்னா விரல் வழுக்கிட்டு ஓடும். இது கைக்கு வந்தப்பவே சொரசொரன்னுதான் இருந்துச்சு."

கையும் களவுமாகப் பிடிபடுவது எப்படி இருக்கும் என்று செக்கரம்மாவுக்கு முதல் முறையாகத் தெரிந்தது.

"அவங்ககிட்ட சொல்லிடாதீங்க" என்றார் சாவிக்காரர்.

"சரிண்ணே. அப்ப... கூட்டத்தை மூடிடப் போறீங்களா?"

"எதுக்கு மூடணும்? இவ்வளவு நல்ல அட்டை இதுவரைக்கும் வந்ததே இல்லையே."